தார் பூசிய பதினைந்து கோழிகள்

புதன்கிழமை அடித்த காற்றில் எங்கள் ஓல்ஷினி கிராமத்தில் சாய்ந்தது ஒரே ஒரு மரம். அதற்கும் விழ வேறு இடம் கிடைக்கவில்லை. பதினோரு வருஷமாக முகம் பார்த்துப் பேசாத அக்கா தங்கை இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த வேலியின் மேல் போய் விழுந்தது. விழுகிற வேகத்தில் அக்கா ரொஸாலியாவின் கோழிக்கூட்டையும் அப்பளமாக நொறுக்கிவிட்டது.

கோழிகளுக்கு ஒரு இறகுகூட உதிரவில்லை. வேலி இருந்த இடத்தைத் தாண்டி, தங்கை விக்தாவின் கூட்டுக்குள் நுழைந்து, அங்கிருந்த கோழிகளோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. இந்த இரண்டு பேரையும் சேர்த்துவைக்கப் பங்குச் சாமியார் இரண்டு தவக்காலம் முயற்சி செய்து தோற்றார். கோழிகளுக்குப் பத்து நிமிஷம் போதுமாக இருந்தது.

சண்டை எதற்கு என்பதை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். இவர்களுடைய அம்மா அப்பொலோனியா வளர்த்தது பச்சைக்கால் கோழி. அந்தம்மா போனபோது வீடும் கோழியும் ரொஸாலியாவுக்கு, புல்வெளி விக்தாவுக்கு என்று ஆயிற்று. விக்தா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அடைக்கு வைக்கப் பன்னிரண்டு முட்டை. ரொஸாலியாவும் கொடுத்தாள். விக்தாவின் புருஷன் ஸெனோன், பக்கத்து வீடானாலும் நடக்கச் சோம்பல்பட்டு, சைக்கிளில் போய் வாங்கி வந்தார். கோழி இருபத்தொரு நாள் அடைகாத்தது. ஒரு குஞ்சுகூட வரவில்லை.

"கொதிக்கிற தண்ணியில முக்கிக் குடுத்திருக்கா" என்றாள் விக்தா. தன் கோழி இனம் அடுத்த வீட்டுக்குப் போகக் கூடாது என்று நினைப்பவர்கள் எங்கள் பக்கத்தில் செய்கிற வேலைதான் அது. செய்தேன் என்று யாரும் ஒப்புக்கொண்டதில்லை. எத்தனை விநாடி முக்க வேண்டும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

"நல்ல முட்டையை இவ கெடுத்துட்டு என் தலையில போடுறா" என்றாள் ரொஸாலியா.

அன்றோடு பேச்சு நின்றது. அக்கா எட்டு மணிப் பூசைக்கு. தங்கை பதினோரு மணிப் பூசைக்கு. அதற்கு முன்னால், முட்டை வந்த வாரம் முழுக்க ஸெனோன் முழங்காலில் கட்டோடு திரிந்தார். என்ன ஆச்சு என்று கேட்டேன். "ம்" என்றார். அவர் எதற்கும் "ம்" என்றுதான் சொல்வார். அது ஆமாவா இல்லையா என்று கண்டுபிடிப்பது கேட்டவர் பாடு.

விக்தா வீம்புக்கு மஞ்சள்கால் கோழி வாங்கினாள். வாங்கியதுதான் வாங்கினாள், வேறு நிறத்தில் வாங்கியிருக்கக் கூடாதா? இரண்டுக்கும் அதே கௌதாரி நிறம், அதே கொண்டை, காதோரம் அதே சிவப்புத் தோல், பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்கிற அதே நடை. வித்தியாசம் இரண்டே இரண்டு. இதன் கால் பச்சை, அதன் கால் மஞ்சள். இது வெள்ளை முட்டை போடும், அது இளம்பழுப்பு முட்டை போடும்.

காலைப் பார்த்துப் பிரித்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்கிறீர்களா? அங்கேதான் ஸெனோன் வருகிறார்.

கலந்துபோன கோழிகளில் ஒன்றுக்குக் காலில் செதில் நோய் பிடித்திருப்பதை வியாழக்கிழமை காலை அவர் பார்த்தார். ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் வருமே என்ற நல்லெண்ணத்தில், குதிரைக் குளம்புக்குப் பூசுகிற பிர்ச் மரத் தாரை ஒரு டப்பா எடுத்து, பதினைந்து கோழியையும் பிடித்து, முப்பது காலையும் முக்கி எடுத்துவிட்டார். இரண்டு சேவல்கள் மட்டும் பிடிபடாமல் கூரையில் ஏறித் தப்பின. அந்தத் தார் மூன்று வாரத்துக்குப் போகாது. சோப்பு, மண்ணெண்ணெய், விக்தாவின் வசவு மூன்றும் போட்டுப் பார்த்தாகிவிட்டது.

"விருந்தாளி வர்றாங்களேன்னு... கால் பளபளன்னு இருக்கட்டுமேன்னு..." என்று அவர் இழுத்தது எங்கள் வீட்டு ஜன்னல்வரை கேட்டது.

விருந்தாளி என்றால், நகரத்து வேளாண் கல்லூரியிலிருந்து டாக்டர் யூலித்தா. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வருகிறாள். கலப்பில்லாத பழைய பச்சைக்கால் வம்சம் ஒன்றை எடுத்து, தனியாகப் பெருக்கி, 'அப்பொலோனியா வழி' என்று அந்த அம்மாவின் பெயரையே வைத்துப் பதிவு செய்யப்போகிறார்கள். ஒரு நிபந்தனை: பத்துக் கோழியாவது வேண்டும். குறைந்தால் இல்லை.

பத்து இருக்கிறது என்று ரொஸாலியா கடிதம் எழுதியிருந்தாள். உண்மையில் இருந்தது ஏழு. பிப்ரவரியில் மரநாய் வந்து மூன்றைக் கொண்டுபோய்விட்டது. பனியில் இறகு கிடந்ததை நான் பார்த்தேன். ரொஸாலியா யாரிடமும் மூச்சு விடவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த விஷயத்தை நான் கேட்பதில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். அக்கா சொல்வது பத்து, தங்கையினுடையது எட்டு, ஆகப் பதினெட்டு. கூட்டில் இருப்பதோ பதினைந்து. "மூணு காத்துல பறந்து போயிருக்கும்" என்றாள் ரொஸாலியா. மரத்தையே சாய்த்த காற்று ஆயிற்றே, யாரும் மறுக்கவில்லை.

* * *

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு ரொஸாலியா விழுந்து கிடந்த வேலியைத் தாண்டி, பதினோரு வருஷத்துக்குப் பிறகு எல்லோரும் பார்க்கத் தங்கை வீட்டு முற்றத்தில் கால் வைத்தாள். அறுபத்தெட்டு வயது, தபால் ஆபீஸில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவள், பாவாடையைத் தூக்கிக்கொண்டு மரக்கிளையைத் தாண்டும்போதும் கவுன்டருக்குப் பின்னால் நிற்கிற முகம்தான். சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன் என்பது வேறு விஷயம்.

"ஸெனோன், என் கோழி ஒவ்வொண்ணோட மூஞ்சியும் எனக்குத் தெரியும்னு உங்க வீட்டம்மாகிட்ட சொல்லு" என்றாள். விக்தா இரண்டடி தள்ளித்தான் நின்றாள்.

"ஏங்க, மூஞ்சி தெரிஞ்சா காட்டச் சொல்லுங்க, பார்ப்போம்" என்றாள் விக்தா.

ரொஸாலியா விறுவிறுவென்று போய் ஒரு கோழியைத் தூக்கினாள். "இது என்னுது."

"மாதாவே! அது என்னுதுங்க! நேத்து என் கையில தின்னுச்சே!"

"யார் கையில போட்டாலும் திங்கும். அது கோழி."

"பார்த்தியா பெலாகியா, என் வீட்டுக் கோழிக்கு விசுவாசமே இல்லைங்கறாங்க!" என்று விக்தா என்னிடம் திரும்பினாள். கோழியின் விசுவாசம் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

கடைசியில் முட்டையை வைத்தே தீர்ப்பது என்று முடிவாயிற்று. பதினைந்து உருளைக்கிழங்குக் கூடைகளைக் கவிழ்த்து, கூடைக்கு ஒரு கோழி, மேலே ஒரு செங்கல். எது வெள்ளை போடுகிறதோ அது அக்காவுடையது. எது பழுப்பு போடுகிறதோ அது தங்கையுடையது. இதே வேலையை நேற்றே விக்தா தனியாகச் செய்து பார்த்திருந்தாள். நேற்று ஸெனோன் உதவி செய்கிறேன் என்று எல்லாக் கூடையிலிருந்தும் முட்டைகளைப் பொறுக்கி ஒரே கிண்ணத்தில் போட்டுக் கொண்டுவந்து சிரித்தார். அதைப் பற்றி மேலே எழுத வேண்டாம். விக்தா சொன்னதை அச்சில் போட மாட்டார்கள்.

அதனால் இன்று ஸெனோன் தொடக் கூடாது. அவர் வாசல்படியில் உட்கார்ந்து டீ குடிப்பதோடு சரி.

எட்டரைக்கு முதல் முட்டை. வெள்ளை. ரொஸாலியா தலையை ஒரு அசைப்பு அசைத்தாள், மணியார்டர் படிவத்தில் கையெழுத்து சரியாக இருக்கிறது என்பதுபோல். அடுத்தது வெள்ளை. மூன்றாவது பழுப்பு, விக்தா அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். நான்காவதுதான் வம்பு. வெள்ளையுமில்லை, பழுப்புமில்லை, பால் அதிகமாகிப்போன டீ நிறம்.

"வெள்ளை" என்றாள் ரொஸாலியா.

"பழுப்பு. கண்ணாடியைத் துடைச்சிட்டுப் பார்க்கச் சொல்லுங்க."

"நிழல்ல வெச்சுப் பார்த்தா எல்லாம் பழுப்புதான்."

"வெயில்ல வெச்சா என் மூஞ்சிகூட வெள்ளைதான்!"

என்னை நடுவராகப் போட்டார்கள். பத்து வருஷத்தில் யாரும் எனக்கு இவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை. முட்டையை வெள்ளைத் தாளின் மேல் வைத்தேன்: பழுப்பாகத் தெரிந்தது. செங்கல்லின் மேல் வைத்தேன்: வெள்ளையாகத் தெரிந்தது. கடைசியில் ரொஸாலியா டாக்டருக்காகச் செய்து கொண்டுவந்திருந்த பாலாடைக்கட்டிக் கேக்கின் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பழுப்பு என்று தீர்ப்புச் சொன்னேன்.

"கேக்கு தீஞ்சிருந்தா வெள்ளைன்னு சொல்லியிருப்பே" என்றாள் ரொஸாலியா. தீயவில்லை. நான் ஒரு துண்டு சாப்பிட்டுப் பார்த்தேன்.

இந்தக் குழப்பத்தில் எது எந்தக் கூடை முட்டை என்பதே மறந்துபோகும்போல் இருந்தது. "நம்பர் போடணும்" என்றேன். ரொஸாலியா ஏப்ரன் பையில் கை விட்டு, பழக்கதோஷத்தில், ஒரு குட்டைப் பென்சிலை எடுத்தாள். நுனியை நாக்கில் தொட்டாள். முட்டையின் மேல் எண் எழுதினாள்.

அது தபால் ஆபீஸ் பென்சில். எச்சில் பட்டால் ஊதாவாக எழுதும், அழியாது. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் எல்லோரும் ரொஸாலியாவை ஊதா உதட்டோடுதான் பார்த்திருக்கிறோம். ஓய்வு பெறும்போது ஒரு டிராயர் நிறைய வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வேறு எந்த வீட்டிலும் அது இல்லை.

விக்தா அந்த முட்டையைக் கையில் வாங்கினாள். வாங்கியவள் அப்படியே நின்றாள். எண்ணைப் பார்க்கவில்லை, மையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு வாசல்படிக்கு நடந்தாள். நானும் சும்மா, தண்ணீர் குடிக்கப் போவதுபோல், பின்னால் போனேன்.

"ஏங்க, போன வருஷமும் அதுக்கு முந்தின வருஷமும் என் அடைக்கோழிக்குக் கீழே சில முட்டையில ஊதாவுல சிலுவை போட்டிருந்துச்சே. நீங்கதானே போட்டீங்க?"

"ம்."

"அந்த ம் ஆமாவா, இல்லையா?"

ஸெனோன் டீயை ஊதினார். "என்கிட்ட ஏது ஊதாப் பென்சில்?"

"அன்னிக்குக் கேட்டப்பவும் ம்னுதானே சொன்னீங்க!"

"நீ கேட்டே. நான் கேட்டுக்கிட்டேன்னு சொன்னேன்."

அடைக்கு வைக்கிற முட்டையில் அடையாளம் போடுவது எல்லோரும் செய்வதுதான். பிறகு கோழி புதிதாகப் போடுகிற முட்டையோடு கலந்துவிடாமல் இருக்க. விக்தா கரியால் கோடு போடுவாள். ஊதாச் சிலுவை அவளுடையதில்லை. அந்த முட்டைகளில் வந்த குஞ்சுகளில் சிலவற்றுக்குப் போன கோடையில் கால் பச்சையடித்தது. மஞ்சள்கால் இனமே பழைய பச்சைக்காலிலிருந்து உண்டாக்கியதுதான், எப்போதாவது இப்படி எட்டிப் பார்க்கும் என்று விற்றவர் சொல்லியிருந்தார். விக்தா அதை நம்பினாள். யாரிடமும் சொல்லாமல் உள்ளூரச் சந்தோஷப்பட்டுக்கொண்டாள். இத்தனையும் அன்று அந்த வாசல்படியில்தான் எனக்குச் சொன்னாள், குரலே இல்லாமல்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்! ஏனென்றால் நான் பார்த்திருக்கிறேன். இரண்டு வசந்தகாலத்திலும், ஞாயிற்றுக்கிழமை, விக்தாவும் ஸெனோனும் பதினோரு மணிப் பூசைக்குப் போன பிறகு, எட்டு மணிப் பூசை முடித்து வந்த ரொஸாலியா ஏப்ரனை மடியாகப் பிடித்துக்கொண்டு வேலிச் சந்தில் நுழைவதை என் சமையலறை ஜன்னல் பார்த்தது. திரும்பி வரும்போது மடி காலியாக இருந்தது. தங்கையின் கோழிகளுக்கு மறுபடி ஏதோ செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். வாழ்க்கையில் நான் இரண்டு வருஷம் வெளியே சொல்லாமல் வைத்திருந்த ஒரே விஷயம் அதுதான். அதையும் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறேன்.

விக்தா முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குனிந்து அடுத்த கூடையைத் தூக்கிப் பார்த்து, "வெள்ளை" என்றாள்.

* * *

மூன்று மணிக்கு டாக்டர் யூலித்தா வந்தாள். சின்னப் பெண், ரப்பர் பூட்ஸ், கையில் கோழிக்காலில் மாட்டும் வளையங்கள் நிறைந்த பெட்டி. முற்றத்தில் கவிழ்ந்திருந்த பதினைந்து கூடைகளைப் பார்த்தாள். ஒன்றைத் தூக்கி, கோழியின் காலைப் பார்த்தாள்.

"இது... என்ன இனம்?"

"தார்" என்றார் ஸெனோன், பெருமையாக.

விஷயத்தைச் சொன்னோம். நான்தான் சொன்னேன், மற்றவர்கள் விட்டதையும் சேர்த்து, மரநாயையும் ஊதாச் சிலுவையையும் தவிர. நல்ல பெண், சிரிக்கவில்லை. ஒவ்வொரு கோழியாக எடுத்தாள். விரல் இடுக்கில் தார் படாத இடம் இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்த்தாள், எடை போட்டாள், எதிரே இருந்த முட்டையைப் பார்த்தாள். மூன்று கோழிகள் முட்டையிடாமல் முறைத்துக்கொண்டிருந்தன, அவற்றை ஒதுக்கினாள். இரண்டு பழுப்பு. மீதி எண்ணினாள்.

"பத்து. பத்துமே பச்சைக்கால்தான். கடிதத்துல சொன்ன மாதிரியே இருக்கு. பத்தும் உங்க கோழிங்கதானே, ரொஸாலியா அம்மா?"

ரொஸாலியாவின் உதடு ஊதாவாக இருந்தது. கை ஏப்ரன் பையில் பென்சிலைத் தேடியது.

என்ன ஒரு வசதி பாருங்கள். கடிதத்தில் பத்து, கையில் பத்து. மரநாய் சாட்சி சொல்ல வராது. தங்கைக்கு எட்டில் மூன்று காற்றில் போயிற்று என்று ஆகிவிடும். அம்மாவின் பெயர் கல்லூரிப் புத்தகத்தில் ஏறிவிடும். ஒரு "ஆமாம்" போதும். அதுவும் வேண்டாம், ஸெனோன் மாதிரி ஒரு "ம்" போதும்.

டாக்டர் விக்தாவைப் பார்த்தாள். "உங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லையே?"

இப்போது வெடிக்கும் என்று நான் கேக் தட்டைக் கீழே வைத்தேன்.

"எனக்கென்ன ஆட்சேபணை" என்றாள் விக்தா. "நான் வெச்சிருந்தது மஞ்சள்கால். வெள்ளை முட்டை போடுறது எல்லாம் எங்க அம்மா கோழி. அம்மா கோழி அந்த வீட்டுலதானே இருந்துச்சு. எழுதிக்குங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தெரிந்துகொண்டும் விட்டுக் கொடுக்கிறாளா? இந்த வீட்டிலா?

டாக்டர் பேனாவைத் திறந்தாள்.

"எழுதாதேம்மா" என்றாள் ரொஸாலியா.

பேனா நின்றது.

"ஏழுதான் என்னுது. மூணை மரநாய் தூக்கிட்டுப் போச்சு, பிப்ரவரியிலேயே. பத்துன்னு பொய் எழுதினேன்." தபால் ஆபீஸ் குரல் எங்கேயோ போய்விட்டது. "மத்த மூணும் இவளோடது. முட்டை மட்டும்தான் என் வீட்டுது. அடைகாத்தது இவ கோழி, தீனி போட்டது இவ. நான் திருட்டுத்தனமா வெச்சிட்டுப் போனேன்."

"திருட்டுத்தனமா... குடுத்தீங்களா?" டாக்டர் நெற்றியைத் தேய்த்தாள். "சரி, இப்போ உரிமையாளர்னு யார் பேரைத்தான் எழுதறது?"

"ரெண்டு பேரையும் எழுதுங்க" என்றேன் நான். யாரும் என்னைக் கேட்கவில்லைதான். ஆனால் யாரும் மறுக்கவுமில்லை, டாக்டரும் எழுதிவிட்டாள்.

விக்தா நகர்ந்து வந்து நேராக ரொஸாலியாவின் முன்னால் நின்றாள். நடுவில் ஸெனோன் இல்லை, நான் இல்லை.

"அக்கா."

பதினோரு வருஷம். ரொஸாலியா கூடை ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே இருந்த கோழி கத்தியது.

"ஏன்க்கா வெச்சே?"

"அம்மா கோழி உன் முற்றத்துலயும் நடக்கட்டுமேன்னுதான். உன்கிட்ட நேரா நீட்ட எனக்கு வாய் வரலை."

"அப்போ அந்தப் பன்னிரண்டு? அதை ஏன் கெடுத்துக் குடுத்தே?"

"நான் கெடுக்கலைடி! மாதா சாட்சியா, கூட்டுலருந்து எடுத்த சூடு ஆறாம, அம்மாவோட கம்பளிச் சால்வையில சுத்தி, கூடையில வெச்சுக் குடுத்தேன். நீதான் வீம்புக்குக் கெடுத்துட்டேன்னு இத்தனை வருஷமா..."

"சால்வையா? எந்தச் சால்வை?" விக்தாவின் புருவம் சுருங்கியது. "எனக்குக் காகிதத் தட்டுலதானே வந்துச்சு? ஈஸ்டருக்குக் கடையில அடுக்கி வெப்பாங்களே, அந்தத் தட்டு. கழுவித் துடைச்ச மாதிரி வெள்ளை வெளேர்னு. பரவாயில்லையே, கழுவிக்கூடக் குடுத்திருக்கான்னு நினைச்சேன்."

"அடைக்கு வெக்கிற முட்டையை எவடி கழுவுவா?"

"அதான் எனக்கும் புரியலை."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, கூட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்த கோழிகள் ஒரு சத்தத்துக்குத் திரும்புமே, அப்படி இரண்டு தலையும் சேர்ந்து வாசல்படிப் பக்கம் திரும்பின.

ஸெனோனின் கை, அந்த வருஷம் கட்டுப் போட்டிருந்த இடது முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தது.

"ஏங்க" என்றாள் விக்தா, ரொம்ப மெதுவாக. "அந்தச் சால்வை எங்கே?"

"ம்" என்றார் ஸெனோன். டீ டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்தார். "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்துடறேன்" என்று சொல்லிக்கொண்டே தோட்டத்துப் பக்கம் வேகமாக நடந்தார், நொண்டல்கூட இல்லை.

அவர்கள் மாட்டை விற்று ஏழு வருஷம் ஆகிறது.